தண்ணி பத்தல

என் கம்ப்யூட்டர் முதல்முறை தானாக அணைந்தபோது, ஒரு மணப்பெண்ணின் மூக்குத்திமேல் விழுந்திருந்த ஃபிளாஷ் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன். திரை பட்டென்று கறுத்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆகவே கரண்ட் போகவில்லை. கறுப்புத் திரையில் என் முகம் தெரிந்தது. எனக்குப் பின்னால் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் கணவரின் முகமும் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் கேபினெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். ஸ்டுடியோக்காரர்கள் மூட்டை மூட்டையாகப் படங்களை அனுப்புவார்கள். அவற்றில் கண் மூடியவர்களையும் முகம் சுளித்தவர்களையும் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கி, நிறம் திருத்தி, கடைசியில் எல்லாப் பக்கங்களையும் மொத்தமாக அச்சுக்கு எக்ஸ்போர்ட் செய்து கொடுக்க வேண்டும். மெஷினுக்கு அதிகம் மூச்சுத் திணறுவது அந்தக் கடைசி வேலையில்தான். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. மேற்கு மாம்பலத்தில், மின்சார ரயில் போகும் சத்தம் கேட்கிற தூரத்தில், மூன்றாவது மாடி வீடு எங்களுடையது. அதற்கு மேலே மொட்டை மாடி. கோடையில் பகல் முழுவதும் தளம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் தலையில் இறக்கும்.

அந்த மெஷினைச் சேர்த்துக் கட்டியவர் அவர்தான். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவருடைய தொழில். அயோத்தியா மண்டபத்துப் பக்கம், மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் ஒரு காலை நேரம், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம் என்றார்கள். வலது கையும் வலது காலும் போயின. பிறகு காலுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து நடந்தார். கைக்கு வரவில்லை. பேச்சும் போனது. அது வேறு மாதிரிப் போனது. நாக்கு குழறவில்லை, உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. ஆனால் சோறு வேண்டுமென்றால் 'செருப்பு' என்பார். ஜன்னலைச் சாத்தச் சொல்ல நினைத்து 'பஸ்ஸு, பஸ்ஸு' என்பார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே சொல்தான், 'இல்ல'.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் ஒருநாள் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். "உள்ள என்ன சொல்லணும்னு அவருக்குத் தெரியும் மேடம். அந்த வார்த்தையை எடுக்கக் கையை விட்டா, பக்கத்துல இருக்கிற வார்த்தை கைக்கு வந்துடுது. அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நான் பல மாதம் ஓட்டினேன். வீட்டில் பயிற்சி செய்யப் பட அட்டைகள் கொடுத்திருந்தார். பசு, மரம், நாற்காலி. பசுவைக் காட்டினால் அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, என் கையிலிருந்து பிடுங்கிக் கவிழ்த்து வைப்பார். நாற்பத்தெட்டு வயது மனிதரிடம் பசுவைக் காட்டி இது என்ன என்று கேட்பது எனக்கும் கூசியது.

மெஷின் அதற்குப் பிறகு அடிக்கடி அணைந்தது. படத்தைத் திருத்தும்போது பெரும்பாலும் பேசாமல் இருக்கும். எக்ஸ்போர்ட் போட்டால் இரண்டு மூன்று பக்கம் ஓடும், அப்புறம் இருட்டு. சித்திரை பிறந்திருந்தது. கல்யாண ஆல்பங்கள் வரிசையில் நின்றன. நான் வெயிலைத்தான் சந்தேகப்பட்டேன். கோடையில் அவர் கடைக்கு வரும் மெஷின்களில் பாதிக்கு வியாதி சூடுதான் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அளவுக்கு மேல் சூடேறினால் உள்ளே எதுவும் கருகிவிடக்கூடாது என்று மெஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளுமாம். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை நேராக அதன்மேல் வைத்தேன். அவருக்கென்று இருந்த மேசை விசிறி அது. அவர் வியர்வையில் நனைந்த பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து, விசிறிக் காற்று இரும்புப் பெட்டிக்குள் போவதைப் பார்த்தார். அப்படியும் அணைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினைத் தரையில் படுக்க வைத்து முழுவதுமாகத் திறந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரவைத்தேன். உள்ளே தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. பெயின்ட் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தேன். பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் விசிறியைக் கழற்றியபோது, நடுவில் பூசியிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது. சூட்டை வெளியே கடத்துவது அந்தப் பேஸ்ட்தான். அவருடைய கருவிப் பையில் புது டியூப் ஒன்று இருந்தது. நான் பிதுக்கியது அதிகமாகிவிட்டது.

"சட்னி!" என்றார் பதற்றமாக. "சட்னி, சட்னி!" இடது கையின் கட்டைவிரல் நகத்தை ஆள்காட்டி விரலால் மறைத்து, ஒரு பொட்டு அளவு காட்டினார்.

"இவ்ளோதான் வெக்கணுமா?"

"இல்ல" என்று தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

துடைத்துவிட்டுப் பொட்டளவு வைத்தேன். அவர் முகத்தில் ஏதோ இளகியது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் ஐப்பசிக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல்முறை.

மூடி, இயக்கி, சூட்டைக் காட்டுகிற அளவைப் பார்த்தேன். நன்றாகக் குறைந்திருந்தது. "பாருங்க, எவ்வளவு குறைஞ்சிருக்கு!" என்று திரையைக் காட்டினேன். அவர் அந்த எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். எக்ஸ்போர்ட் போட்டேன். முதல் பக்கம் போனது. இரண்டாவது பக்கத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான். இருட்டு.

சூடு இல்லை. அப்படியானால் வேறு என்ன?

"தண்ணி" என்றார் அவர்.

எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். டம்ளரைத் தள்ளிவிட்டார். "தண்ணி பத்தல."

எங்கள் குடியிருப்பில் அந்தக் கோடையில் நிஜமாகவே தண்ணீர்ப் பஞ்சம். ஆழ்துளைக் கிணறு காற்றைத்தான் கக்கியது. லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "லாரிக்குச் சொல்லியாச்சுங்க. சாயங்காலம் வந்துடும்" என்றேன். அவர் இடது கையால் சுவரில் ஓங்கி அடித்தார். "தண்ணி பத்தல! தண்ணி பத்தல!" கீழ் வீட்டுக்காரர்கள் ஏறி வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும் அளவுக்குக் கத்தினார். அவர்களிடம் என்னத்தைச் சொல்வது? தண்ணீர்க் கவலை என்றேன். அவர்களும் உச்சுக்கொட்டிவிட்டு, தங்கள் வீட்டுக் குடங்களைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

யு.பி.எஸ். பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. ஸ்டுடியோக்காரர் ஒருவர், ஆல்பத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். வேறு வழியில்லாமல், பக்கத்துத் தெருவில் சர்வீஸ் செய்கிற ஒருவரை வரவழைத்தேன். வந்தவருக்கு என் கணவரைத் தெரிந்திருந்தது. காது கேளாதவரிடம் பேசுவதுபோல, "சார்! எப்டி இருக்கீங்க சார்!" என்று கத்தினார். மெஷினை இரண்டு முறை இயக்கினார். அது அவர் கண் முன்னாலேயே அணைந்தது.

"மதர்போர்டு போயிடுச்சு மேடம். பழசாயிடுச்சுல்ல? இதுல செலவு பண்ணாதீங்க. புதுசா ஒரு சிஸ்டம் போட்டுடலாம்."

"இல்ல. இல்ல, இல்ல" என்றார் என் கணவர். ஸ்டூலிலிருந்து எழப் பார்த்தார். "தண்ணி பத்தல!"

வந்தவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "சாருக்கு நாம பேசறது புரியுதா மேடம்?"

புரியும் என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொன்ன வேகம் போதவில்லை என்று நினைக்கிறேன். என் கணவர் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் தட்டை மூடி வைத்துவிட்டு, அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது சுவரைத் தேய்த்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். இடது கையில் நல்ல வலு இருந்தது. அறைக்கு இழுத்துக்கொண்டு போய், மெஷினுக்கு முன்னால் என்னையும் உட்காரச் சொல்லி அழுத்தி, தானும் வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். என் உள்ளங்கையைக் கேபினெட்டின் பின்பக்கம் கொண்டுபோய், கரண்ட் ஒயர் செருகியிருக்கும் இடத்துப் பெட்டியின்மேல் பதித்தார். கையை எடுக்க விடவில்லை.

"தண்ணி" என்றார், இந்த முறை கத்தாமல். "பத்தல."

அப்போதுதான் எனக்கு அவருடைய கடை ஞாபகம் வந்தது. மதியம் சாப்பாட்டுக் கேரியரோடு நான் போய் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒரு வாடிக்கையாளர் தன் மெஷின் ஏன் நின்றுபோகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். இவர் அலுக்காமல் சொல்வார்: "சார், உங்க வீட்டு மாடியில ஒரு டேங்க் இருக்குன்னு வெச்சுக்கோங்க. சின்ன டேங்க். ஒருத்தர் குளிக்கிறாரு, ஒருத்தங்க துணி துவைக்கிறாங்க, ஒருத்தர் செடிக்கு ஊத்தறாரு. எல்லாக் குழாயையும் ஒண்ணா திறந்தா என்ன ஆகும்? யாருக்கும் தண்ணி பத்தாது. உங்க எஸ்.எம்.பி.எஸ்ஸும் அப்படித்தான். கரண்ட் பத்தல, மெஷின் நின்னுடுது." எஸ்.எம்.பி.எஸ். என்பது, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி மெஷினின் ஒவ்வொரு உறுப்புக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. என் கை இருந்தது அதன்மேல்தான்.

பக்கவாதம் வருவதற்கு முந்தின மாதம் அவர் என் மெஷினில் ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டுக் கொடுத்திருந்தார், என் வேலை சுலபமாகட்டும் என்று. "இதுக்கு இந்த எஸ்.எம்.பி.எஸ். தாங்காது, பெருசா ஒண்ணு வாங்கியாந்து மாத்திடறேன்" என்று அப்போது சொன்னதும் நினைவுக்கு வந்தது. குளிர்காலத்தில் வேலை குறைவு, சமாளித்துவிட்டது. வெயிலில் அந்தப் பெட்டியின் பலம் இன்னும் குறைந்திருக்கும்.

"கரண்டா?" என்றேன். "கரண்ட் பத்தலன்னா சொல்றீங்க?"

"இல்ல, இல்ல" என்றார். தலை ஆமாம் என்று ஆடிக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் அழுதார். அடுப்பில் பால் பொங்கிக் கருகும் வாசனை வந்தது. நான் எழுந்துபோகவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாவை அவருக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, தி.நகருக்கு நடந்துபோய்ப் பஸ் பிடித்து, அண்ணா சாலையில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் சாமான்கள் விற்கும் அந்தத் தெருவில் அவருக்கு ஒரு சிநேகிதர். நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். திருவல்லிக்கேணிக்காரர். இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே கடையில் வேலை கற்றவர்கள். ஐப்பசிக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் கசப்பு இருந்தது.

என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "வாங்க அண்ணி. இன்னாத்துக்கு இந்த வெயில்ல? ஒரு போன் அடிச்சா நானே வந்துருப்பேனே."

வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் தண்ணி பத்தல என்று சொன்னதையும், எனக்கு அது புரியாமல் போனதையும் சொன்னேன். பாய் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அந்தச் சிரிப்பு எங்கேயோ போயிற்று. உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அதன் மேல் ஒட்டிய வெள்ளைப் பட்டையில் 'அண்ணன்' என்று எழுதியிருந்தது.

"அவருதான் எடுத்து வெக்கச் சொன்னாரு அண்ணி. பெரிய எஸ்.எம்.பி.எஸ். 'வூட்டுக்காரம்மா மெஷினுக்கு, திங்கக்கெழம வந்து வாங்கிக்கிறேன்'னாரு. அந்த வாரம்தான் இப்டி ஆயிப்போச்சு. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல. ஆஸ்பத்திரிக்கும் வந்தேன், வார்டு வாசல் வரிக்கும் வந்தேன். பேசிக்கினே கீற ஆளு. அவரு பேசாம கீறத எப்டிப் பாக்கறது நானு?"

பாயைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு போயிருந்தேன். திட்டவில்லை. பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். "நானே வந்து மாட்டறேன் அண்ணி" என்று கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கூடவே வந்தார்.

மாடியேறி வந்த பாயைப் பார்த்ததும் என் கணவர் இடது கையை நீட்டினார். பாய் பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டு, பிறகு மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு நிறுத்தாமல் பேசினார். தெருவில் தண்ணீர் தேங்கியது, ஒரு கடையில் ஷட்டரை உடைத்தது, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது. பேச்சு நின்றால் என்ன ஆகுமோ என்று பயந்தவர்போலப் பேசிக்கொண்டே பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டினார். ஓர் ஒயரை மாற்றிச் செருகப் போனபோது என் கணவர் அவர் கையைத் தட்டிவிட்டு, சரியான ஒயரை விரலால் தொட்டுக் காட்டினார்.

எக்ஸ்போர்ட் போட்டேன். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாலி கட்டுகிற பக்கம் தாண்டியது. பந்தி தாண்டியது. கடைசியில் பெண்ணை வழியனுப்பும் பக்கமும் முடிந்து, வேலை முடிந்தது என்று திரை சொன்னது.

"பாத்தியா தலைவா!" என்று பாய் அவர் தோளைக் குலுக்கினார். "மூள அப்டியே கீது அண்ணி! இன்னா போச்சு? கையி ஒண்ணுதானே? நான் போர்டு கொண்டாறேன். நீ கை காட்டு, நான் சால்டர் வெக்கிறேன்."

என் கணவர் கோணலாகச் சிரித்தார். அன்று மாலை என் அக்காவுக்குப் போன் செய்து, "அவர் திரும்பி வந்துட்டார்க்கா" என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னபிறகு எனக்கே பயமாக இருந்தது.

அடுத்த வாரம் பாய் ஒரு பழுதான மதர்போர்டைக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து அதை வைத்தோம். என் கணவருடைய பழைய மீட்டரை எடுத்து வந்தேன். போர்டின் எந்த இடத்தில் எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று காட்டும் கருவி அது. அவர் அதை இடது கையால் வாங்கி, குமிழைச் சரியான இடத்துக்குத் திருப்பினார். கறுப்பு முனையைப் பாய் பிடித்துக்கொண்டார். சிவப்பு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் விரலால் ஒரு புள்ளியைக் காட்டினார். தொட்டேன். மீட்டரில் எண் வந்தது.

"இன்னா தலைவா, கரீக்டா கீதா?" என்றார் பாய்.

என் கணவர் அந்த எண்ணைப் பார்த்தார். குனிந்து கிட்டத்தில் பார்த்தார். மொழி தெரியாத ஊரில் பஸ் பலகையை அண்ணாந்து பார்ப்பவரின் முகம். பிறகு, "கத்திரிக்கா" என்றார்.

பாய் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். மீட்டரில் எண் எரிந்துகொண்டே இருந்தது. என் கணவர் இன்னொரு முறை பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தை மாற்றிக்கொள்ளத் தாமதித்துவிட்டேன். அவர் குமிழைத் திருப்பி மீட்டரை அணைத்தார். ஒயரைச் சுற்ற ஒரு கையால் முடியவில்லை. அப்படியே பைக்குள் திணித்து, ஜிப்பைப் பல்லால் கடித்து இழுத்து மூடினார்.

பயிற்சி கொடுக்கும் பெண் அதன்பிறகு சோதித்துப் பார்த்துச் சொன்னார், எண்களும் போயிருக்கின்றன என்று. நாங்கள் அதுவரை பசுவையும் மரத்தையும்தான் காட்டிக்கொண்டிருந்தோம், எண்ணைக் காட்டத் தோன்றவே இல்லை. என் மெஷின் விஷயத்தில் அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. திங்கட்கிழமை போய் வாங்க வேண்டிய ஒரு சாமான் அவர் மனதில் தங்கியிருந்திருக்கிறது. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அது முடிந்ததும் சொல்ல வேறு எதுவும் அவரிடம் மிச்சமில்லாததுபோல இருந்தது. மெஷின் பக்கம் வருவதையும் விட்டுவிட்டார். கூடத்தில், டி.வி.க்கு எதிரே, சத்தத்தை வைக்காமல் உட்கார்ந்திருப்பார்.

ஆடி முடிந்ததும் கடையைக் காலி செய்தோம். அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். பாய் சாமான்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். தானும் வர வேண்டும் என்று என் கணவர் கையைக் காட்டியதால் ஆட்டோவில் அழைத்துப்போனேன். இறங்க மறுத்துவிட்டார். நாங்கள் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்வந்த நேரமெல்லாம் தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரர் இளநீர் சீவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் ஷட்டரை இழுத்து விட்ட சத்தத்துக்குக்கூடத் திரும்பவில்லை.

நான் ஏறி உட்கார்ந்ததும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "எங்க போகணும் சார்?" என்று கேட்டார்.

"கடைக்கு" என்றார் அவர், தெளிவாக.

ஆட்டோக்காரர் பூட்டிய ஷட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் சொல்ல நினைத்தது வீடாக இருக்கலாம், பக்கத்துச் சொல் கைக்கு வந்திருக்கலாம். நினைத்ததையே சரியாகச் சொல்லியும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன். ஆட்டோ கிளம்பியது.